பில்லில் ஏறாத செலவு

ஹவுராவிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் குவாஹாத்தியிலிருந்தும் தெற்கே வரும் ரயில்கள் காட்பாடி சந்திப்பில் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் இறங்கிவிடுகிற கூட்டத்தில் பலர் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை, பழைய ரிப்போர்ட்டுகளைத் திணித்து ஜிப் பிய்ந்த பிளாஸ்டிக் ஃபைல், பொரிப் பை, அரிசிப் பை, நடுவில் இருவர் தோளைப் பிடித்தபடி நடக்கும் நோயாளி. ஆட்டோ பிடித்துப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலூர். காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ் பலகைகள் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். பல லாட்ஜுகளில் அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மளிகைக் கடையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் கடுகு எண்ணெய், மீன் கடையில் ரோகு. கோட்டைக்கும் வெயிலுக்கும் பேர்போன ஊரில் இத்தனையும் ஒரு மருத்துவமனையைச் சுற்றி முளைத்தவை.

அந்த மருத்துவமனை, ஊர்க்காரர்கள் சுருக்கமாக சிஎம்சி என்று சொல்லும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம், 1902-ல் மருத்துவமனையாகி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீட்கும் முறையை பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் இங்கேதான் உருவாக்கினார். நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சைகளில் ஒன்று 1971-ல் இங்கே நடந்தது. வங்காளத்திலும் ஜார்கண்டிலும் வடகிழக்கிலும் 'வேலூர்' என்றாலே ஆஸ்பத்திரி என்று அர்த்தமாகித் தலைமுறைகள் கடந்துவிட்டன. வேலூர் மட்டும் இப்படி இல்லை. மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், டெல்லி எய்ம்ஸ் எல்லாமே வெளியூர்க்காரர்களால் நிரம்பியவை. பஞ்சாபிலிருந்து ராஜஸ்தானின் பிகானேர் வழியாகப் போகும் ஒரு பயணிகள் ரயிலுக்கு 'கேன்சர் ரயில்' என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தப் பயணங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆபரேஷனுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் தூரத்திலிருந்து வரும் குடும்பத்தைக் கடனில் தள்ளுவதில் கணிசமான பங்கு மருத்துவமனை பில்லுக்கு வெளியே இருக்கிறது. அதை அளக்கும் அலகு நாள். எத்தனை நாள் தங்கினார்கள், எத்தனை தடவை வந்து போனார்கள் என்பதில்தான் அந்தச் செலவு ஒளிந்திருக்கிறது. நம் காப்பீட்டுத் திட்டங்கள் அந்த நாளை எண்ணுவதே இல்லை.

இந்தியாவில் நோய்ச் செலவு பற்றி இருக்கும் பெரிய கணக்கு, தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று. 2017-18-ல் எடுத்த அந்தக் கணக்குப்படி, பிரசவம் தவிர்த்து ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். எல்லாக் கட்டுரைகளிலும் இந்த இரண்டு எண்கள் வரும். வராதது, அதே ஆய்வு தனியாகக் கேட்டுவைத்திருக்கும் 'இதர செலவு' என்ற பகுதி: உடன் வந்தவரின் பயணம், சாப்பாடு, தங்குமிடம். சிகிச்சையோடு ஒட்டாத செலவு என்று அதை ஒதுக்கிவைப்பது புள்ளியியல் வசதிக்குச் சரியாக இருக்கலாம். பாங்குராவிலிருந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வரும் விவசாயக் கூலிக்கு அப்படி இரண்டு பர்ஸ் கிடையாது. தேசிய சுகாதாரக் கணக்கு, மக்கள் தம் கையிலிருந்து போடும் பணம் மொத்த சுகாதாரச் செலவில் 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்கிறது. நல்ல செய்திதான். ஆனால் லாட்ஜ் வாடகையும் இழந்த கூலியும் அந்தக் கணக்கின் வரையறைக்குள் வருவதில்லை. ஒரு நோயாளி தன் மாவட்டத்தில் சிகிச்சை பெற்றாலும் 1,700 கிலோமீட்டர் தாண்டிப் பெற்றாலும், பில் ஒன்றாக இருந்தால், அந்தக் கணக்கில் இருவரும் ஒன்றுதான்.

திட்டங்களும் இதே கண்ணோடுதான் பார்க்கின்றன. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எந்த மாநிலத்து அட்டையை எந்த மாநிலத்துச் சேர்ந்த மருத்துவமனையிலும் காட்டலாம் என்ற வசதியும் அதில் உண்டு. சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பிந்தைய 15 நாள் செலவுகளும் அதற்குள் அடக்கம். உள்நோயாளியாகப் படுக்கையில் இருக்கும்வரை நோயாளிக்குச் சாப்பாடும் கிடைத்துவிடும். சிக்கல் எங்கே என்றால், வெளியூர்க்காரர்களை அதிக நாள் பிடித்துவைக்கும் சிகிச்சைகள் பலவற்றுக்குப் படுக்கையே தேவையில்லை. கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது தினமும் சில நிமிடங்கள். அதற்கான பேக்கேஜ் தொகையைக் காப்பீடு கொடுத்துவிடும். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம் அந்தச் சில நிமிடங்களுக்காக நோயாளி அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். மிச்சமுள்ள இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம் யார் கணக்கு? இதில் ஒரு கோணலும் இருக்கிறது: படுக்கை கொடுத்தால்தான் காப்பீடு சாப்பாடு போடும் என்றால், வெளியே இருந்தே பெறக்கூடிய சிகிச்சைக்கும் 'அட்மிட் பண்ணிடுங்க டாக்டர்' என்று கெஞ்சும் நிலைமையை நாமே உண்டாக்குகிறோம்.

கையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை ஊகத் தொகைகள்தான். எளிய லாட்ஜ் அறை நாளுக்கு 500 ரூபாய், இருவர் தாமே சமைத்துச் சாப்பிட 350 ரூபாய், உடனிருப்பவர் ஊரில் இழக்கும் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக நாளுக்கு 1,250. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த பெண்ணுக்கு ஐந்து வாரக் கதிர்வீச்சு, முன்னதாகப் பரிசோதனைக்கும் திட்டமிடலுக்கும் பத்து நாள் என்றால் 45 நாள். செலவு 56,250 ரூபாய். இப்போது மருத்துவ உலகத்தில் நடந்த ஒரு மாற்றத்தைச் சேர்ப்போம். தினசரி அளவைக் கொஞ்சம் கூட்டி மூன்று வாரத்தில் 15 தவணையாக முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. 2020-ல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 தவணையாகக் கொடுத்தாலும் ஐந்தாண்டு முடிவுகள் மூன்று வார முறைக்குக் குறைந்தவை அல்ல என்றது. மூன்று வாரம் என்றால் மேற்படி குடும்பத்தின் செலவு 38,750 ரூபாயாக இறங்கும். ஒரு வாரம் என்றால் 21,250. மருந்து விலையைக் குறைக்காமல், அரசு ஒரு பைசா மானியம் தராமல், அட்டவணையை மாற்றிய ஒரே காரணத்தால் 35,000 ரூபாய் மிச்சம். ஒரு வார முறை எல்லோருக்கும் பொருந்தாது. அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் இப்படி முடிவெடுக்கும்போது நோயாளி எங்கிருந்து வருகிறார் என்பதும் ஒரு மருத்துவத் தகவல்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாள்தான் செலவு என்பதை நோயாளிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வெளிநோயாளிகளுக்கு இரண்டு வரிசை உண்டு. பொதுப் பிரிவில் கட்டணம் குறைவு. மூத்த நிபுணரையே நேரடியாகப் பார்க்கும் தனிப் பிரிவில் பல மடங்கு அதிகம். கடன் வாங்கி வந்தவர்கள் ஏன் அதிகக் கட்டண வரிசையில் நிற்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் ஆச்சரியப்படுவார்கள். பொதுப் பிரிவில் அப்பாயின்ட்மென்ட் நான்கு நாள் தள்ளிப்போனால் நான்கு நாள் வாடகையும் சாப்பாடும் கூலி இழப்பும், கட்டண வித்தியாசத்தைத் தின்றுவிடும். அவர் ஆடம்பரத்துக்காக நிற்கவில்லை. காத்திருப்பின் விலையைச் சரியாகக் கூட்டிப் பார்த்துத்தான் நிற்கிறார். ஸ்டேஷனிலேயே 'சீக்கிரம் டோக்கன் வாங்கித் தர்றேன்' என்று ஒட்டிக்கொள்ளும் தரகர்கள் பிழைப்பதும் இந்தக் கூட்டலை நம்பித்தான்.

அப்படியானால் ஆங்காங்கே பெரிய மருத்துவமனைகளைக் கட்டிவிட்டால் போகிறது, யாரும் பயணம் செய்யவே வேண்டாமே என்ற கேள்வி உடனே எழும். பாதிதான் சரி. 1979-லேயே அமெரிக்காவில் ஹரோல்ட் லஃப்டும் சக ஆய்வாளர்களும் ஒரு விஷயத்தை எண்களோடு காட்டினார்கள்: திறந்த இதய அறுவை போன்ற சிக்கலான ஆபரேஷன்களை ஆண்டுக்கு நிறையச் செய்யும் மருத்துவமனைகளில் சாவு விகிதம் குறைவு. அதற்குப் பிறகு கணைய, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபரேஷன்களிலும் இதே உறவு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. கை பழகியிருப்பது டாக்டருக்கு மட்டும் அல்ல. மயக்க மருந்து கொடுப்பவர், ஐசியூ நர்ஸ், நள்ளிரவில் ரத்தம் ஏற்பாடு செய்பவர் எல்லோருக்கும் பழகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று எலும்பு மஜ்ஜை மாற்று மட்டும் செய்யும் மையத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் திறப்பது நோயாளிக்குச் செய்யும் உதவி ஆகாது. கட்டடம் எழும்புவதும் மருத்துவமனை எழும்புவதும் ஒன்றல்ல என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது: 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. ஆகவே சில சிகிச்சைகள் சில ஊர்களில் குவிந்துதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஆனால் குவிய வேண்டியது எது, பரவ வேண்டியது எது என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. ஒரு புற்றுநோயாளியின் சிகிச்சையில் உண்மையிலேயே அபூர்வத் திறமை தேவைப்படும் நாள்கள் கொஞ்சம்: நோயைத் துல்லியமாகக் கண்டறிவது, சிகிச்சைத் திட்டம் வகுப்பது, சிக்கலான ஆபரேஷன். மீதி நாள்கள் கீமோ ஊசிக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், ரிவ்யூவுக்கும் போகின்றன. அசாமில் மாநில அரசும் டாடா டிரஸ்ட்ஸும் சேர்ந்து எடுத்த வழி இந்தப் பிரிவினையை ஒட்டியது. சிக்கலானவற்றுக்கு மேல்நிலை மையம், கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய மையங்கள், அன்றாடச் சிகிச்சைக்கு மாவட்ட அளவில் சிறிய மையங்கள் என்று 17 மருத்துவமனைகளுக்குத் திட்டம் போட்டு, 2022 ஏப்ரல் 28 அன்று முதல் ஏழு திறக்கப்பட்டன. டாடா நினைவு மையமும் மும்பையிலேயே எல்லோரையும் வைத்துக்கொள்ளாமல் வாரணாசி, சங்ரூர், விசாகப்பட்டினம், முசாஃபர்பூர் என்று கிளை விட்டிருக்கிறது. 2012-ல் அது முன்னின்று தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் ஒரே சிகிச்சை நெறிமுறையின் கீழ் வேலை செய்ய முயல்கின்றன. டயாலிசிஸ் இன்னும் தெளிவான பாடம். வாரம் மூன்று தடவை செய்ய வேண்டிய ஒன்றுக்கு யாரும் ரயிலேற முடியாது; அதனால்தான் 2016-ல் அதற்கென்று தேசியத் திட்டம் போட்டு மாவட்ட மருத்துவமனைகளில் மெஷின்கள் வைக்கப்பட்டன. தூரம் முற்றிலும் சாத்தியமில்லாத இடத்தில் அரசு பரவலாக்கியது. சிரமப்பட்டாவது சாத்தியமாகும் இடத்தில் அந்தச் சிரமத்தை நோயாளியிடம் விட்டுவிட்டது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கடுமையானது. கல்கத்தாவில் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, 2011-ல் டாடா மெடிக்கல் சென்டரும் வந்துவிட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டு வேலூருக்கு வருவது நோயாளியின் சொந்த விருப்பம், அதற்கு ஏன் பொதுப்பணம் என்பது. விருப்பம் என்ற வார்த்தையை இங்கே தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்றே நினைக்கிறேன். உள்ளூரில் ஸ்கேனுக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தவர், மூன்று டாக்டர்களிடம் மூன்று விதமான நோய்ப்பெயர் வாங்கியவர், எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருந்து, ரேட் முன்கூட்டியே தெரிந்து, டிஸ்சார்ஜ் சம்மரி தெளிவாக டைப் அடித்துக் கையில் கிடைக்கும் இடத்துக்குப் போவதை ஊர் சுற்றுவதோடு சேர்க்க முடியாது. சொந்தக்காரர் ஒருவர் அங்கே போய்ப் பிழைத்தார் என்ற கேள்விப்பட்ட கதைக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வேண்டாத பயணங்களும் உண்டு: சாதாரண தைராய்டுக்கும் முதுகுவலிக்கும் இரண்டாயிரம் கிலோமீட்டர் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கக் கைப்பணத்தை நிறுத்துவது பயன் தராது, ஏனென்றால் அவர்கள் இன்றும் கைப்பணத்தில்தான் வருகிறார்கள். உள்ளூர் மருத்துவர் எழுதித் தரும் பரிந்துரைக்கு ஏதாவது மதிப்பு இருந்தால்தான், எது வேண்டிய பயணம், எது வேண்டாதது என்று பிரிக்கவே முடியும்.

பரிந்துரைக்கு மதிப்புக் கொடுக்கும் எளிய வழி, அதோடு பயணப்படியைக் கட்டிவிடுவது. இது புதிய யோசனை அல்ல. 2008-ல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனாவில் மொத்தக் காப்பீடே 30,000 ரூபாய்தான். அதிலும் ஒவ்வொரு தடவை சேரும்போதும் 100 ரூபாய் பயணப்படி, ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை என்று இருந்தது. 2018 மார்ச்சில் ஆயுஷ்மான் பாரத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அறிவிப்பிலும் பயணப்படி உண்டு என்றார்கள். காப்பீட்டுத் தொகை 5 லட்சமாக வளர்ந்து திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சொல்லப்படும் பலன்களின் பட்டியலில் அதைக் காணோம். பிரிட்டனில் டாக்டர் பரிந்துரைத்து நிபுணரைப் பார்க்கப் போகும் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பயணச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலமும் தொலைதூர நோயாளிகளுக்குப் பயணத்தோடு இரவுத் தங்கலுக்கும் உதவித்தொகை தருகிறது. போலி பில் வரும், ஏமாற்றுவார்கள் என்பார்கள். வரும். ஆஸ்பத்திரிகளே இல்லாத நோயாளிக்கு ஆபரேஷன் செய்ததாகக் கணக்குக் காட்டிச் சிக்கிய நாட்டில், 300 ரூபாய் தங்கல் படிக்கு மட்டும் அத்தனை கற்பு எதிர்பார்ப்பது வேடிக்கை. காசநோய்த் துறையில் இந்தக் கூச்சம் எப்போதோ போய்விட்டது. உலக சுகாதார நிறுவனம் காசநோயாளியின் செலவைக் கணக்கிடும்போது மருந்து, பயணம், சாப்பாடு, இழந்த வருமானம் எல்லாவற்றையும் கூட்டி, அது குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் பேரழிவுச் செலவு என்று குறிக்கிறது. இந்தியாவும் காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகையை 2018-ல் தொடங்கி 2024-ல் 1,000 ஆக்கியது. அளக்கும் முறையும் பணத்தை நேரே வங்கிக் கணக்கில் போடும் முறையும் ஏற்கெனவே இருக்கின்றன. புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் அவற்றைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

ரயில்வே ஒன்று மட்டும் தூரத்தைச் செலவாக ஏற்றுக்கொண்ட துறை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே கிடையாது. உடன் செல்பவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் டயாலிசிஸுக்கும் போகிறவர்களுக்கும், தலசீமியா நோயாளிகளுக்கும் சலுகை உண்டு. கொரோனா காலத்தில் மூத்த குடிமக்கள் சலுகையை எடுத்தபோதும் இதைத் தொடவில்லை. ஆனால் தட்கலில் இந்தச் சலுகை செல்லாது. பயாப்சி முடிவு திடீரென்று வந்து, அடுத்த வாரமே வாருங்கள் என்று சொல்லப்பட்டவருக்குச் சாதாரண டிக்கெட்டில் வெயிட்டிங் லிஸ்ட் 180 என்று காட்டும். சலுகை காகிதத்தில் இருக்கும், அவர் முழுக் காசு கொடுத்துத் தட்கல் எடுத்திருப்பார். லாட்ஜ் பக்கம் நடந்தது இன்னும் விசித்திரம். நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18 முதல் எடுக்கப்பட்டு 12 சதவீத வரி வந்தது; 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமாகக் குறைந்தது. சுற்றுலாப் பயணிக்குப் போட்ட வரி, ஆஸ்பத்திரி வாசலில் மாதக்கணக்கில் கிடக்கிறவருக்கும் சேர்த்து விழுந்தது. சிகிச்சைக்கு வரி கிடையாது என்று சொல்லிக்கொள்ளும் அரசுக்கு, சிகிச்சைக்காகத் தங்குவது சிகிச்சையின் பகுதியாகத் தோன்றவில்லை.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை அரசைவிட அறக்கட்டளைகளுக்குத்தான் முதலில் புரிந்தது. மும்பை தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை பல காலமாகப் புற்றுநோயாளிகளுக்கு இடம் கொடுத்துவருகிறது. புற்றுநோய் உள்ள குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்க 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் மையங்கள் பிறகு வேறு நகரங்களுக்கும் பரவின. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம், பொதுச் சமையலறையில் தனி அடுப்பு. கீமோவால் எதிர்ப்புச் சக்தி விழுந்த குழந்தைக்குச் சுத்தமான கழிப்பறையும் கொதித்த தண்ணீரும் மருந்துக்குச் சமம் என்பதால், இதைத் தர்மம் என்பதைவிடச் சிகிச்சை என்பதே பொருந்தும். அப்படியும் பரேல் நடைபாதைகளில் நோயாளிக் குடும்பங்கள் படுத்துக்கிடப்பது நின்றபாடில்லை.

மிச்சப்படுத்த அதிக இடம் இருப்பது திரும்பி வரும் பயணங்களில். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ரிவ்யூவுக்கு வரச் சொல்கிறார்கள். ஒன்றரை நாள் ரயிலில் வந்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்காக ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் டாக்டரைப் பத்து நிமிடம் பார்த்து, 'எல்லாம் நல்லாயிருக்கு, இதே மாத்திரையைத் தொடருங்க' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதற்கு ஒரு வாரம் காலி. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வீடியோவில் பார்த்து மருந்து எழுதுவதைச் சட்டபூர்வமாக்கிவிட்டன. தொட்டுப் பார்க்காமல் எப்படி என்று டாக்டர்கள் கேட்பது நியாயம். அதற்கு வழி, தொட்டுப் பார்க்க நோயாளியின் மாவட்டத்திலேயே ஒரு டாக்டரைச் சேர்த்துக்கொள்வது. அவர் பரிசோதித்து எழுதுவார், அங்கீகாரம் பெற்ற உள்ளூர் லேப் ரத்தம் பார்க்கும், பெரிய மருத்துவமனை அந்த ரிப்போர்ட்டை ஏற்கும். இந்தக் கடைசிப் படிதான் நடப்பதில்லை. வெளி லேப் ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு அதே பரிசோதனையை மறுபடி எடுப்பதற்குத் தரம் பற்றிய சந்தேகம் காரணம். பல நேரம் அது நியாயமான சந்தேகமும்கூட. அந்தச் சந்தேகத்துக்கு நோயாளி மட்டுமே விலை கொடுக்கிறார் என்பதுதான் நியாயமில்லாதது. எந்தெந்த லேப்பின் முடிவை ஏற்போம் என்று பட்டியல் போட்டு டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் அச்சடித்துக் கொடுத்தாலே பாதிப் பயணங்கள் தேவைப்படாமல் போகலாம். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் வயிறு வழி டயாலிசிஸுக்கான பைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. தொடர் சிகிச்சை என்பது நோயாளி வந்து வாங்கிப் போக வேண்டியது என்ற பழக்கத்தை ஒரு மாநில அளவில் உடைக்க முடியும் என்பதற்கு அது உதாரணம். மாநில எல்லை தாண்டி அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் இல்லை.

இதில் லாட்ஜ்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் நஷ்டம் வராதா என்றால், கொஞ்சம் வரும். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா சுருங்கியபோது, அவர்களை நம்பியிருந்த மருத்துவமனைத் தெருக்கள் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பது தெரிந்தது. வீணாய்க் காத்திருக்கும் நாள்களால் ஒரு ஊர் பிழைப்பதைவிட, அதே படுக்கையிலும் அதே அறையிலும் அதிக நோயாளிகள் சீக்கிரம் வந்து சீக்கிரம் போவதால் பிழைப்பது எல்லோருக்கும் மேல்.

நாளை எண்ணாததால் யாரை இழக்கிறோம் என்பதற்குக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பார்த்தால் போதும். கடுமையான லிம்போபிளாஸ்டிக் வகைக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. பெரும்பான்மைக் குழந்தைகளைக் குணப்படுத்த முடியும். ஆனால் சிகிச்சை முடிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். தீவிரமான முதல் மாதங்கள் கடந்தபின், ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை. குழந்தை ஓடியாடத் தொடங்கியிருக்கும், நிலமோ நகையோ போயிருக்கும், அடுத்த பயணத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. அந்தக் கட்டத்தில் வருவதை நிறுத்தும் குடும்பங்களை மருத்துவப் பதிவுகள் 'சிகிச்சையைக் கைவிட்டவர்கள்' என்று குறிக்கின்றன. ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு அந்தப் பதிவில் இடமில்லை. வெளிநோயாளிப் பதிவுப் படிவத்தில் ஏற்கெனவே பெயர், வயது, முகவரி, போன் நம்பர் கேட்கிறார்கள். அதே திரையில் 'இந்த ஊரில் இது எத்தனையாவது இரவு' என்று ஒரு கட்டம் சேர்ப்பது மென்பொருள்காரருக்கு அரைநாள் வேலை. ஒரு வருடம் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தால், எந்தத் துறையின் ஸ்கேன் வரிசையில் நோயாளி பத்து நாள் கிடக்கிறார், எந்த ரிவ்யூவை வீடியோவில் முடித்திருக்கலாம், எந்த மாவட்டத்தில் ஒரு கீமோ மையம் திறந்தால் எத்தனை ஆயிரம் இரவுகள் மிச்சமாகும் என்பதெல்லாம் மருத்துவமனைக்கும் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எண்ணாகவே தெரிந்துவிடும்.